டொயோட்டா 86க்கு சைலன்சர் குழாய்: ஆகன் வாயு விட்டு ஒட்டுற பட்டறை எங்க?

கட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையில உள்ள நச்சைக் குறைக்கிற பகுதி) பின்னால உள்ள குழாயை மட்டும் 2.5 அங்குல 304 ரக ஸ்டெயின்லஸ் ஸ்டீலில மாத்தப் போறன். கன்வெர்ட்டர் அப்படியே இருக்கும். அதைக் கழட்டினா புகைப் பரிசோதனையில தேறாமப் போகலாம். டர்போ இல்லாத 2.0 லீற்றர் எஞ்சினுக்கு 3 அங்குலம் வீண், சத்தம் மட்டும்தான் கூடும்.

மட்டக்களப்பு கல்லடி தொடக்கம் கல்முனை வரைக்கும், குழாய்க்கு உள்பக்கமும் ஆகன் விட்டு டிக் வெல்டிங் (ஆகன் வாயுவுக்குள்ள மின்பொறியால ஒட்டுறது) செய்ற பட்டறை தெரிஞ்சா சொல்லுங்கோ. உள்ள ஆகன் இல்லாட்டி ஒட்டின இடம் கருகி, நாளடைவில வெடிப்பு விழலாம். சாதாரண இரும்பு வேணாம், நம்மட கடல்காத்துக்கு கெதியா துருப்பிடிக்கும்.

மற்றது, எஞ்சின் நிமிசத்துக்கு 2500 சுத்து (ஆர்பிஎம்) ஓடேக்க, நாலு சிலிண்டரில சுத்துக்கு ரெண்டு தரம் எரியிறதால 83 ஹேர்ட்ஸ் அளவில, காருக்குள்ள வாற உறுமலைக் குறைக்க முனை மூடின கிளைக்குழாய் ஒண்டும் (உள்ள போய்த் திரும்பி வாற சத்தம் உறுமலை அமத்தும்) வைக்கணும். ஒலி அலைநீளத்தில கால்வாசி எண்ட கணக்குப்படி சுமார் 1.2 மீற்றர் நீளம் வருது. இந்தக் காரில ஆராவது அதைப் பூட்டியிருந்தா, எந்தப் பக்கத்தால வளைச்சீங்க? படம் இருந்தா போடுங்கோ.