ஜிப்சி கிங்: கமான் பட்டை வேலை முடித்தபின் ஸ்டியரிங் அலைகிறது, 55-க்கு மேல் உதறுகிறது. உதவி தேவை

ஆழியாறுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 1998 மாருதி ஜிப்சி கிங், 1.3 கார்புரேட்டர் வண்டி. அப்பா வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்தபோது ஓட்டியது. அவர் போன பிறகு மூன்று வருடம் ஷெட்டில் கிடந்தது. விற்க மனம் வரவில்லை, அதனால் நானே வேலை செய்யலாம் என்று இறங்கினேன்.

வீட்டு முன்னால் தகர ஷெட், கீழே சிமெண்ட் தளம். 3 டன் டிராலி ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு, ஒரு டார்க் ரெஞ்சு இருக்கிறது. ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆனது. நான்கு கமான் பட்டையும் (லீஃப் ஸ்பிரிங்) கழற்றி, பட்டறையில் வளைவு ஏற்றி டெம்பர் பிடித்து வாங்கினேன். புஷ், யூ போல்ட், சென்டர் போல்ட் எல்லாம் புதிது. பழைய ஷாக் நான்கும் ஒழுகியதால் இரண்டு அங்குலம் நீளமான கேஸ் ஷாக் போட்டேன். வண்டி கொஞ்சம் உயரமாக நிற்கட்டும் என்று முன்னும் பின்னும் இரண்டு அங்குலம் நீளமான ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு சேர்க்கும் அசையும் இணைப்பு) ஒரு பட்டறையில் செய்து மாட்டினேன்.

இப்போது மூன்று தொல்லை. 50-ஐத் தாண்டினால் வண்டி ரோட்டில் அலைகிறது, கை ஸ்டியரிங்கை விடவே முடியவில்லை. கொண்டை ஊசி வளைவில் திரும்பியதும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை, நானேதான் இழுத்து நேராக்க வேண்டியிருக்கிறது. அதைவிட மோசம், 55-60-ல் இடது சக்கரம் ஒரு குழியில் விழுந்தால் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் பேய் பிடித்த மாதிரி உதறுகிறது. 20-க்குக் குறைத்தால்தான் நிற்கிறது. நேற்று அம்மா பக்கத்தில் இருந்தபோது அப்படி ஆனது. அதிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவில்லை.

அலைன்மென்ட் கடையில் எல்லாம் சரி என்றார்கள். தெரிந்த ஒருவர் ஸ்டியரிங் டேம்பர் போட்டால் போதும் என்கிறார். போடலாமா? இன்னொன்று, முன்பக்கம் ஏறி இறங்கும்போது கிறீச் கிறீச் என்று சத்தமும் வருகிறது.

சேலம் ஃபோர்வீல்:

முதலில் டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். காரில் வைப்பதுபோல 35 வைத்தால் இந்த எடைக்கு அதிகம், குழியில் சக்கரம் பந்துபோலத் துள்ளும். கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கி, நான்கு சக்கரமும் பேலன்ஸ் செய்து பாருங்கள். செலவு குறைந்த வேலை அதுதான்.

ஆழியாறுக்காரன்:

35 தான் இருந்தது. இறக்கினேன், பேலன்ஸும் செய்தாயிற்று. வண்டி கொஞ்சம் மெத்தென்று போகிறது. ஆனால் காலியாக இருந்த பைபாஸில் மெதுவாக ஏற்றிப் பார்த்தேன், 58-ல் மறுபடி உதறியது.

நீலகிரி மெக்கானிக்:

தம்பி, வண்டியை வெளியே எடுக்காமல் வைத்தது நல்ல முடிவு. இனியும் சோதனை ஓட்டம் வேண்டாம். டேம்பரும் இப்போது வேண்டாம். அது உதறலை அமுக்கிவிடும், காரணம் உள்ளேயே இருக்கும். ஒருநாள் மலை இறக்கத்தில் அது வெளியே வரும்.

நீங்கள் எழுதிய தொல்லைகளை நான் மூன்று தனி வேலையாகப் பார்க்கிறேன். அலைவதற்கும் ஸ்டியரிங் திரும்பி வராததற்கும் ஒரு காரணம், உதறலுக்கு வேறு காரணம், சத்தத்துக்கு இன்னொன்று.

அலைவதைச் சொல்கிறேன். சைக்கிளின் முன் ஃபோர்க் செங்குத்தாக இருக்காது, மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும். சைக்கிள் நேராகப் போக அந்தச் சாய்வும் ஒரு காரணம். ஜிப்சியிலும் கிங்பின்னின், அதாவது முன்சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சின், மேல்முனை பின்னால் மூன்றரை டிகிரி அளவில் சாய்ந்திருக்க வேண்டும். இதைத்தான் கேஸ்டர் என்கிறோம். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேராவது அதனால்தான்.

இப்போது வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். ஜிப்சியில் முன் பட்டையின் ஷாக்கிள் எந்த முனையில் இருக்கிறது? முன்முனையில். பின்முனை சேசிஸில் நேராகப் போல்ட் போட்டது. நீங்கள் ஷாக்கிளை இரண்டு அங்குலம் நீட்டியதும் பட்டையின் முன்முனை இரண்டு அங்குலம் கீழே போய்விட்டது. பட்டை முன்னால் சாய, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஆக்சிலும் முன்னால் உருண்டுவிட்டது. பட்டையின் நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நீளத்துக்கு இரண்டு அங்குலம் என்றால் ஏறக்குறைய 3 டிகிரி. இருந்த மூன்றரையில் மூன்று போனால் மிச்சம் என்ன? அவ்வளவு கொடுத்து வாங்கிய உயரம் இரண்டு அங்குலம்கூட இல்லை. ஒரு முனை மட்டும் இறங்குவதால் ஆக்சிலுக்கு நேரே ஒரு அங்குலம்தான் கிடைக்கும்.

அலைன்மென்ட் கடையில் பெரும்பாலும் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு, மட்டும்தான் பார்ப்பார்கள். இந்த மாதிரி ஒரே தண்டு ஆக்சிலில் கேஸ்டரைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது, அதனால் யாரும் அதைப் பேசுவதில்லை. அளந்த தாள் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

ஆழியாறுக்காரன்:

தாள் பையிலேயே இருந்தது அண்ணா. கேஸ்டர் இடது 0.4, வலது 0.6 என்று போட்டிருக்கிறது. நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. டோ மட்டும் பச்சை நிறத்தில் இருந்ததால் சரி என்று நினைத்துவிட்டேன்.

வைகைக்கரை:

ஷாக்கிளைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு வைக்கலாம். 2, 4 டிகிரி அளவில் கிடைக்கிறது. என் ஜிப்சியில் 2 டிகிரி ஆப்போடு இரண்டு வருடமாக ஓட்டுகிறேன், வளைவில் ஸ்டியரிங் நன்றாகத் திரும்பி வருகிறது. முதலில் போட்ட அலுமினிய ஆப்பு ஆறு மாதத்தில் விரிசல் விட்டது, அதனால் இரும்பில்தான் போட வேண்டும். ஆப்பு ஏறினால் சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் குழிக்குள் முழுதாக உட்காராது. நீளமான போல்ட் மாற்ற மறக்காதீர்கள். அது உட்காராவிட்டால் ஆக்சில் பட்டைமேல் நழுவும்.

நீலகிரி மெக்கானிக்:

அக்கா சொல்வது சரியான முறைதான், 2 டிகிரி வரை எனக்கும் மறுப்பில்லை. ஜிப்சியில் ஆக்சில் பட்டைக்கு மேலே உட்கார்கிறது, அதனால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வரவேண்டும். மாற்றி வைத்தால் இருப்பதும் போய்விடும்.

ஆனால் தம்பிக்குத் தேவை 3 டிகிரி. கிங்பின்னைப் பின்னால் சாய்த்தால் முழு ஆக்சிலும் சுழல்கிறது, டிஃபரன்ஷியலில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் மூக்கு கீழே பார்க்கும். வண்டி உயர்ந்ததால் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சரிவு ஏற்கெனவே கூடிவிட்டது, இதுவும் சேர்ந்தால் ஃபோர் வீல் போடும்போது ஜாயிண்ட் கஷ்டப்படும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்கு வரும் ராடும் சரிந்து நிற்கிறது. பட்டை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது சக்கரத்தைத் தானாகத் திருப்பும். ஒரு அங்குல உயரத்துக்காக இத்தனையும் வேண்டுமா? பழைய ஷாக்கிளையே மாட்டுங்கள் என்பதுதான் என் கருத்து. டெம்பர் பிடித்த பட்டையே வண்டியைப் போதுமான அளவு தூக்கி நிறுத்தும்.

உதறலுக்கு வருவோம். கேஸ்டர் குறைந்தால் அலையும், ஆனால் குழியில் விழுந்து இப்படி உதறுகிறது என்றால் முதல் சந்தேகம் கிங்பின் பேரிங்மேல். முன் ஆக்சிலைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

ஆழியாறுக்காரன்:

அம்மாவைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பார்த்தேன். வலதில் ஆட்டம் இல்லை. இடதில் பிரேக் பிடித்த பிறகும் மேலும் கீழும் டக் டக் என்கிறது. இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடைக் கழற்றி, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளைக் கையால் திருப்பினால், நேராக வரும் இடத்தில் மட்டும் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல நிற்கிறது.

நீலகிரி மெக்கானிக்:

அதுதான். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது, பேரிங் உருளைகள் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இடித்து அங்கேயே பள்ளம் விழுந்துவிட்டது. டேப்பர் பேரிங் ஒரு பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் நான்கு. நான்கையும் மாற்றுங்கள், உருளைகள் ஓடும் வெளி வளையமான கப்போடு.

கழற்றும்போது சில விஷயம். காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கம்பியால் பட்டையில் கட்டுங்கள். மேல் கிங்பின்னையும் கீழ் கிங்பின்னையும் இடம் மாற்றாமல் துணியில் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள்.

உள்ளே கிரீஸ் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். தண்ணீர்போல ஓடினால் ஆக்சில் உள் சீல் போய், கியர் ஆயில் வந்து கிரீஸைக் கரைத்திருக்கிறது. அப்படியானால் சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது பேரிங்குக்கும் அதே கதிதான்.

மாட்டிய பிறகுதான் முக்கியமான வேலை. பெரிய ஆயில் சீலை இன்னும் மாட்டாமல், டை ராடும் இணைக்காமல், டை ராடு நுழையும் ஓட்டையில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி இழுங்கள். பழைய பேப்பர்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசே போதும், ஆனால் சிறிய அளவு காட்டுவதாகப் பாருங்கள். நக்கிள் நகரத் தொடங்கும்போது 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடையில் காட்ட வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம் எடுங்கள், அதிகமாக இருந்தால் ஒன்று சேருங்கள். கையால் ஆட்டிப் பார்த்து "இறுக்கமாக இருக்கிறது" என்று விட்டுவிடக் கூடாது. உதறல் திரும்ப வருகிற வண்டிகளில் பெரும்பாலும் இந்த ஒரு வேலையைத்தான் விட்டிருப்பார்கள்.

சேலம் ஃபோர்வீல்:

நானும் ஒரு தகவல் சேர்க்கிறேன். வண்டி 1998 என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்கப் போக வேண்டும். கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு தடுக்கிறது. பட்டறையில் செய்த ஷாக்கிளைக் கழற்ற இதுவும் ஒரு காரணம்.

ஆழியாறுக்காரன்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இடது கீழ் பேரிங் கப்பில் உருளைகள் பதிந்த கோடுகள் விரலுக்கே தட்டுப்பட்டன. உள்ளே கிரீஸ் இல்லை, கறுப்பு எண்ணெய்தான் இருந்தது. நான்கு பேரிங், இரண்டு பக்க உள் சீல், வெளி சீல் எல்லாம் மாற்றினேன். தராசில் இடது முதலில் 600 கிராம்தான் காட்டியது. ஒரு ஷிம் எடுத்ததும் 1.4 கிலோ. வலது 1.5 கிலோ.

பழைய ஷாக்கிளை மண்ணெண்ணெய் போட்டுத் துலக்கி, பெயிண்ட் அடித்து மாட்டினேன். அப்புறம் ஒரு புதுச் சிக்கல். வண்டி இறங்கிவிட்டதால் நீளமான ஷாக் இப்போது பொருந்துமா?

நீலகிரி மெக்கானிக்:

அளந்துதான் சொல்ல வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போது ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள தூரத்தை அளங்கள். ஆக்சில் மேலே வந்து இடிக்காமல் தடுக்கும் பம்ப் ரப்பருக்கும் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அதிலிருந்து கழியுங்கள். ரப்பர் நசுங்குவதற்கு இன்னும் கொஞ்சம் கழியுங்கள். ஷாக்கை முழுதாக அமுக்கினால் வரும் நீளம் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ரப்பர் தாங்க வேண்டிய அடியை ஷாக் தாங்கும், பிராக்கெட் பிய்ந்துவிடும்.

ஆழியாறுக்காரன்:

பின்னால் சரியாக இருக்கிறது. முன்னால் ஷாக் 12 மில்லிமீட்டர் அதிகம். முன்னிரண்டை மட்டும் கம்பெனி நீளத்தில் மாற்றிவிட்டேன்.

வைகைக்கரை:

கிறீச் சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே. பட்டை புஷ் போல்ட்டுகளை எப்போது இறுக்கினீர்கள்? வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதா?

ஆழியாறுக்காரன்:

ஆமாம் அக்கா. ஸ்டாண்டில், சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டேன்.

வைகைக்கரை:

அதனால்தான். தொங்கும் நிலையிலேயே ரப்பரைப் பிடித்து இறுக்கிவிட்டீர்கள். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கிறது. சத்தமும் அதுதான், சீக்கிரம் கிழிவதும் அதனால்தான், பட்டை வழக்கத்தைவிட விறைப்பாகத் தெரிவதும் ஓரளவு அதனால்தான். பட்டை முனையிலுள்ள கண் போல்ட், ஷாக்கிள் போல்ட் எல்லாவற்றையும் ஒரு சுற்று தளர்த்துங்கள். வண்டியைத் தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் நான்கு முறை உருட்டி, பம்பரில் ஏறிக் குலுக்கி, அந்த நிலையிலேயே இறுக்குங்கள். யூ போல்ட் 60 முதல் 80 நியூட்டன் மீட்டருக்குள், குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக. 500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்சு போடுங்கள். டெம்பர் பிடித்த பட்டை ஒன்றன்மேல் ஒன்று படிய கொஞ்ச நாள் ஆகும், படிந்ததும் யூ போல்ட் தளரும்.

ஆழியாறுக்காரன்:

அக்கா சொன்னபடி செய்தேன், சத்தம் நின்றுவிட்டது. மறுபடி அலைன்மென்ட் பார்த்தேன். கேஸ்டர் இடது 3.3, வலது 3.5. பைபாஸில் 70 வரை போனேன், அதே குழியில் வேண்டுமென்றே இடது சக்கரத்தை இறக்கினேன். ஒரு தட்டல், அவ்வளவுதான்.

நேற்று அம்மாவோடு வால்பாறை போய் வந்தோம். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் ஸ்டியரிங் என் கைக்குள் தானாகவே திரும்பி வந்தது. அப்பா ஓட்டும்போது இப்படித்தான் இருந்தது என்றார் அம்மா. இறங்கி வந்ததும் ஓடோமீட்டர்படி வேலை முடித்த பிறகு 510 கிலோமீட்டர் ஆகியிருந்தது. ரெஞ்சு போட்டுப் பார்த்தேன். பின் வலதில் ஒரு யூ போல்ட் நட் மட்டும் அரைச் சுற்றுக்குமேல் ஏறியது, மற்றவை அசையவில்லை. இன்னும் 500 ஆனதும் மறுபடி பார்க்கிறேன்.