மறைந்த முன்னாள் படைவீரரின் வாழ்க்கையை எழுதும்போது: டிஸ்சார்ஜ் புக், மெடல், கடிதங்கள்

ரெக்கார்ட்ஸ் கிளார்க் (ஓய்வு):

பதினாறாம் நாள் வாசிக்கும் நினைவுரையோ, பேரப்பிள்ளைகளுக்காக அச்சடிக்கும் சிறு மலரோ, எதுவானாலும் முதலில் படையிலிருந்து வெளிவரும்போது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் தேடி எடுங்கள். படை எண், சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, கடைசி ரேங்க், முடித்த கோர்ஸ்கள், பெற்ற மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் வீட்டில் கேட்டுச் சரிபாருங்கள். பழைய புத்தகங்களில் சேரும்போது வாய்வழியாகச் சொன்ன வயதே ஏறியிருக்கலாம்.

ரேங்கில்தான் அதிகம் தவறுகிறார்கள். சுபேதார் மேஜர் வேறு, மேஜர் வேறு. முன்னவர் ஜேசிஓ எனும் இளநிலை அதிகாரி, பின்னவர் அதற்கு மேல்நிலையில் கமிஷன் பெற்ற அதிகாரி. ஹானரரி (கௌரவ) கேப்டன் என்றால் 'ஹானரரி'யை விட்டுவிடாதீர்கள். சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்த உழைப்பு அதில்தான் தெரியும்.

சுபேதார் (ஓய்வு):

"எழுபத்தொன்னு போர்ல சண்டை போட்டார்" என்று பொதுவாக எழுதாதீர்கள், மெடலைப் பாருங்கள். பூர்வி ஸ்டார் இருந்தால் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனை. சங்கிராம் மெடல் மட்டும் இருந்தால் அவர் போர்முனையில் நின்றார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. 1965 போருக்கு சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல் என்று இதே போன்ற பிரிவு உண்டு. சுதந்திர வெள்ளிவிழா மெடல் 1972-ல் பணியில் இருந்த எல்லோருக்கும் கிடைத்தது. அதை வீரப்பதக்கம் என்று எழுதிவிட்டால், விவரம் தெரிந்த பழைய தோழர்கள் படிக்கும்போது மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார்கள்.

வட்டமான மெடலின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். அது மெடல் வழங்கியபோது இருந்த ரேங்க், கடைசி ரேங்க் அல்ல. விளிம்பு வெறுமையாக இருந்தால், தொலைந்ததற்குப் பதிலாகக் கடையில் வாங்கியதாக இருக்கலாம். தயவுசெய்து பிராசோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிப்போகும். உலர்ந்த மெல்லிய துணியே போதும். ரிப்பனை நனைத்தால் சாயம் கலந்துவிடும்.

ஜவான் குடும்பம்:

மெடலும் ரேங்கும் பாதி மனிதரைத்தான் காட்டும். மீதி இன்லேண்ட் லெட்டர்களில் இருக்கிறது. அவருடைய முகவரியில் ஊர் இராது. 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவ அஞ்சலகம்) என்றுதான் இருக்கும். பொதுவாக 56 என்றால் மேற்கு, வடக்குப் பக்கம். 99 என்றால் வடகிழக்குப் பக்கம். கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பக்கத்தில் லீவில் வந்த மாதங்களையும் குழந்தைகள் பிறந்த தேதிகளையும் எழுதுங்கள். எந்தப் பிள்ளையின் முகத்தை எத்தனை மாதம் கழித்துப் பார்த்தார், எந்தக் கல்யாணத்துக்கு வர முடியவில்லை என்பதெல்லாம் தானாகத் தெரியவரும். அந்த ஆண்டுகளில் வீட்டை நடத்திய மனைவியின் பங்கையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். நினைவுமலர்களில் அது பெரும்பாலும் விடுபட்டுப் போவது பெரிய அநியாயம்.

போட்டோவின் பின்பக்கம் பால்பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சில் நல்லது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

சுபேதார் (ஓய்வு):

கூடப் பணியாற்றியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் குழம்புவார்கள். "அந்த ஸ்டேஷனுக்கு (பணியிடத்துக்கு) போறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி சொன்னால் டிஸ்சார்ஜ் புக்கோடு ஒத்துப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படையில் இலங்கையில் இருந்தவர்கள், அதிலும் நம் ஊர்க்காரர்கள், சிலர் அதைப் பற்றி வாய் திறக்கவே மாட்டார்கள். தோண்டித் துருவ வேண்டாம். அங்கே இருந்தார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ரெக்கார்ட்ஸ் கிளார்க் (ஓய்வு):

இன்னொன்று. மலருக்காக டிஸ்சார்ஜ் புக்கையும் பிபிஓவையும் (பென்ஷன் உத்தரவு) அச்சகத்துக்கு அசலாகக் கொடுக்காதீர்கள், ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள். குடும்ப பென்ஷனுக்கு அவை தேவைப்படும். பிபிஓவில் உள்ள மனைவியின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வேறுபட்டிருந்தால் பென்ஷன் தடைபடக்கூடும். திருத்தம் படைவீரரின் ரெக்கார்ட் ஆபீஸ் (பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) வழியாக நடக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது வெலிங்டனில். மனு எழுத உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவுவார்கள். இறப்புச் சான்றிதழில் கூடுதல் பிரதிகளை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.