பார்க் அண்ட் ரைடு: ‘நிறுத்திப் பயணி’ வேண்டாம், ‘மாறுபேட்டை’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

ஊர் ஓரத்தில் சொந்த வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போகிற இடத்தை ஆங்கிலத்தில் ‘பார்க் அண்ட் ரைடு’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதவில்லை. நேற்று ஒருவர் ‘நிறுத்திப் பயணி’ என்றே வைத்துக்கொள்ளலாம், அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று எழுதியதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. தயவுசெய்து இன்னும் முடிக்க வேண்டாம். இதே இழையில் இன்னொருவர், கிருஷ்ணகிரிக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இப்படி ஓர் இடம் அமைத்தால் ஊருக்குள் நெரிசல் குறையுமா என்று கேட்டிருந்தார். அதற்கு ‘அது வேறு விவாதம், இங்கே சொல்லை மட்டும் பேசுவோம்’ என்று பதில் வந்தது. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அந்த இடம் எதற்காக என்று தெரியாமல் அதற்குப் பெயர் வைக்க முடியாது.

நான் எட்டு வருடம் இப்படி வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனவன். காவேரிப்பட்டணம் பக்கத்து கிராமத்திலிருந்து பைக்கில் கிருஷ்ணகிரி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்து வண்டி ஸ்டாண்டில் விட்டுவிட்டு, ஓசூர் பஸ் ஏறி சிப்காட்டுக்குப் போவேன். டோக்கனைக் கிழித்து ஒரு பாதியை வண்டியில் செருகி, மறுபாதியை நம் கையில் கொடுத்து, ‘ஹேண்டில் லாக் போடாதீங்க’ என்பார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து பதினொன்றரைக்கு வந்து இறங்கினால் ஸ்டாண்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். காலை ஐந்து மணி வரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. பார்க் அண்ட் ரைடு என்று பெயர் தெரியாமலேயே இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அதைத்தான் தினமும் செய்கிறோம். வீட்டில் யாராவது கேட்டால் ‘வண்டிய ஸ்டாண்டுல வுட்டுட்டு பஸ் ஏறிட்டேன்’ என்போம். அந்த வாக்கியத்தில் இரண்டு வினை இருக்கிறது, விடுவது ஒன்று, ஏறுவது ஒன்று. நாம் தேடும் சொல் அந்த வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆங்கிலப் பெயரை அப்படியே வைத்துக்கொள்வது பற்றி. மெட்ரோ, பஸ், டோல்கேட் எல்லாம் வந்துவிட்டன, இதுவும் வரட்டுமே என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். பஸ் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் பஸ்தான், சந்தேகமே இல்லை. ஆனால் பார்க் என்றால் பூங்கா, ரைடு என்றால் ராட்டினம். பர்கூரிலிருந்து வரும் ஒரு அம்மாவிடம் ‘பார்க் அண்ட் ரைடு’ என்று பலகையைக் காட்டினால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிற இடம் என்றுதான் நினைப்பார். அவர் மேல் தப்பில்லை, பலகை மேல்தான் தப்பு. வழி காட்ட வேண்டிய சொல் இப்படி வேறு பக்கம் திருப்பிவிடக் கூடாது.

‘நிறுத்திப் பயணி’யில் எனக்குள்ள சிக்கல் என்னவென்றால், அது ஏவல். ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு தமிழ்த் துண்டு வைத்திருக்கிறோம். இடத்தின் பெயர் ஏவலில் இருந்தால் வேற்றுமை உருபு ஒட்டாது. ‘நிறுத்திப் பயணியில் வண்டியை விட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள், பயணி என்கிற ஆளின் மேல் வண்டியை விட்டது போல இருக்கிறது. ‘ஊர்தி நிறுத்தகம்’, ‘வாகனக் காப்பகம்’ இரண்டும் நல்ல தமிழ்தான், காப்பகம் என்று ஸ்டாண்டுகளில் எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதில் பஸ்ஸே இல்லை. வண்டியைப் பாதுகாப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. நான் முதலில் ஆசைப்பட்டது ‘விட்டேறு நிலையம்’. பேச்சிலிருந்து நேராக வந்த சொல். பிறகுதான் உறைத்தது, விட்டேற்றி என்று ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது, எதிலும் ஒட்டாமல் ஏனோதானோ என்று இருப்பவரைச் சொல்வது. அதன் நிழல் இதன் மேல் விழும். ‘ஏறுதுறை’ என்று இன்னொன்றும் யோசித்தேன். ஒகேனக்கல்லில் வண்டியை மேலே விட்டுவிட்டு நடந்துபோய்ப் பரிசல் துறையில் பரிசல் ஏறுகிறோமே, அதே காரியம்தானே. அழகான சொல், விட மனசில்லை. ஆனால் இன்றைக்குத் துறை என்றால் வருவாய்த் துறை, போக்குவரத்துத் துறை. இதற்கு எந்த அமைச்சர் என்று கேட்பார்கள்.

இப்போது என் முன்மொழிவு. மாட்டு வண்டிக் காலத்தில் சந்தைக்கு வருகிறவர்கள் வண்டியை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஊர் ஓரத்தில் வண்டிப்பேட்டை இருக்கும். அங்கே மாட்டை அவிழ்த்துக் கட்டி, தண்ணி காட்டி, வண்டியை விட்டுவிட்டு உள்ளே நடந்து போவார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் வண்டிப்பேட்டை என்ற பெயரில் இன்னும் தெருக்கள் இருக்கின்றன. அதாவது ஊர் விளிம்பில் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு நமக்குப் புதிதே இல்லை, பெயர் உட்பட. லாரி வந்தபோது அது லாரிப்பேட்டை ஆயிற்று. தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்கியபோது தொழிற்பேட்டை என்றார்கள், அதை யாரும் புரியவில்லை என்று சொல்லவில்லை. கிருஷ்ணகிரிக்குள்ளேயே பழையபேட்டை, லண்டன்பேட்டை இருக்கின்றன. பேட்டை உயிரோடு இருக்கிற சொல், புது வேலை கொடுத்தால் செய்யும்.

ஆனால் வெறும் வண்டிப்பேட்டை போதாது, வண்டிப்பேட்டையில் விட்டவர் நடந்து போனார், இங்கே பஸ் ஏற வேண்டும். ஆகவே ‘மாறுபேட்டை’. ‘திருப்பத்தூர் போக பர்கூரில் பஸ் மாறணும்’ என்று சொல்கிறோமே, அந்த மாறு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. மாறிய பேட்டை, மாறுகின்ற பேட்டை, மாறும் பேட்டை. உருபு ஒட்டுகிறதா என்றால் ஒட்டுகிறது: மாறுபேட்டையில் வண்டியை விட்டேன், மாறுபேட்டைக்கு எந்த பஸ், மாறுபேட்டைப் பஸ் போயிடுச்சா. ‘ஏறுபேட்டை’ இன்னும் நேரடியாக இருக்குமே என்றால், எருது விடும் விழா நடக்கிற ஊரில் ஏறு என்றால் காளை, மாட்டுச் சந்தை என்று நினைத்துவிடுவார்கள்.

சரி, நெரிசல் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் சொல்லில் ‘மாறு’ ஏன் இருந்தே ஆக வேண்டும் என்பது அங்கேதான் தெரியும்.

பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு 1973இலேயே நிரந்தரமான மாறுபேட்டை அமைத்துவிட்டது, இன்று அந்த ஊரைச் சுற்றி ஐந்து இருக்கின்றன. அங்கே வெறும் காலியிடம் மட்டும் போடவில்லை, நகர நடுவில் வண்டி நிறுத்துவதைக் கட்டுப்படுத்தினார்கள், பஸ்ஸுக்குச் சாலையில் முன்னுரிமை கொடுத்தார்கள். அப்படியும் 1995இல் கிரஹாம் பார்க்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர், இது கார் போக்குவரத்தைக் கூட்டக்கூடுமா என்ற கேள்வியை எழுப்பினார். அவர் காட்டியது இதுதான். மாறுபேட்டைக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் முன்பு வீட்டிலிருந்தே பஸ்ஸில் வந்தவர்கள். இப்போது பாதி வழி காரில் வருகிறார்கள். ஊருக்குள் கொஞ்சம் குறைந்தது போல இருக்கும், ஊருக்கு வெளியே கூடியிருக்கும். உள்ளே காலியான இடத்தையும் வேறு வண்டிகள் வந்து நிரப்பிவிடலாம்.

இதை எங்கள் ஊருக்கு வைத்துப் பாருங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிராமத்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கிறவர்கள் ஆண்கள்தான். அந்த ஆண்களும் பைக்கில் மாறுபேட்டை வரை வந்துவிட்டால், ‘கூட்டம் இல்லை’ என்று சொல்லி அந்த டிரிப்பை நிறுத்துவது சுலபமாகிவிடும். பைக் ஓட்டாத அம்மாக்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான் ரோட்டில் நிற்பார்கள். ஆகவே மாறுபேட்டை வேண்டும் என்று கேட்கும்போதே, டவுன் பஸ்ஸில் கை வைக்கக் கூடாது என்றும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று, எந்த நெரிசலைப் பற்றிப் பேசுகிறோம்? மாம்பழ சீசனில் கூழ் தொழிற்சாலைக்குப் போகிற டிராக்டரும் லாரியும் வரிசை கட்டுவது சரக்கு நெரிசல், அதை எந்த மாறுபேட்டையும் தொடாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெங்களூரிலிருந்து வருகிற கார்கள் சுங்கச்சாவடியில் தேங்குவதும் வேறு. அவர்கள் கிருஷ்ணகிரிக்கு வரவில்லை, கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போகிறார்கள். சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை, குப்பம் என்று ஐந்து திசைச் சாலைகள் கூடுகிற ஊர் இது. மாறுபேட்டை தொடக்கூடியது என்னைப் போல தினமும் ஒரே நேரத்துக்கு வந்து ஒரே நேரத்துக்குத் திரும்புகிறவர்களை மட்டும்தான். நான் ஊருக்குள் எந்த வேலையும் இல்லாமல் எட்டு வருடம் காலையிலும் இரவிலும் டவுனுக்குள் வண்டி ஓட்டினேன், ஓசூர் பஸ் அங்கே நின்றதால் மட்டும். அந்த பஸ் நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஒரு பேட்டையில் நின்றிருந்தால் ரவுண்டானா பக்கமே வந்திருக்க மாட்டேன். எங்களுக்கு ரயிலும் கிடையாது, மாறினால் பஸ்ஸுக்குத்தான் மாற வேண்டும்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். திறந்தவெளியில் ஒரு கார் நிறுத்த, வந்துபோகும் வழியோடு சேர்த்து 23 சதுர மீட்டர் என்பது நம் நாட்டில் பொதுவாக வைக்கிற அளவு. ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர், அதில் 175 கார் நிற்கும். ஒரு காருக்கு நான்கு பைக் என்றால் 700 பைக். எங்கள் ஊருக்கு இது பைக் பேட்டையாகத்தான் இருக்க வேண்டும், கார் பேட்டையாகப் போட்டால் ஓர் ஏக்கரை 175 பேருக்குக் கொடுத்த மாதிரி ஆகும். அந்த 700 பேரும் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் வந்தால், பஸ்ஸுக்கு 55 பேர் என்று வைத்தாலும் 13 பஸ் வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுக்கும் மேல். இரண்டு மணி நேரமாகப் பிரிந்து வந்தாலும் ஒன்பது நிமிடத்துக்கு ஒரு பஸ். இடம் பார்ப்பதும் தளம் போடுவதும் ஒரு முறை செலவு. இந்த பஸ்ஸை வருடம் முழுக்க ஓட்டுவதுதான் நிஜமான வேலை. கூடவே கடைசி ஷிஃப்ட் ஆள் வரும்வரை பேட்டை திறந்திருக்க வேண்டும், விளக்கு வேண்டும், பெண்கள் பயமில்லாமல் வந்து வண்டி எடுக்க ஆள் நடமாட்டம் வேண்டும். 2006இல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை மிதிவண்டிக்காரர்களுக்கும் இப்படி இடம் வேண்டும் என்கிறது, அதையும் மறக்காமல் ஓர் ஓரம் ஒதுக்க வேண்டும்.

எனவே கேட்டவருக்கு என் பதில்: பஸ் வந்தால் கொஞ்சம் குறையும், பஸ் வராவிட்டால் குறையவே குறையாது. அதனால்தான் சொல்லில் ‘மாறு’ இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன். பஸ் இல்லாத காலியிடத்துக்கு ‘வாகன நிறுத்தகம்’ என்று பலகை வைத்தால் அது உண்மைதான், யாரும் எதுவும் கேட்க முடியாது. ‘மாறுபேட்டை’ என்று வைத்தால் அங்கே வண்டியை விட்ட முதல் ஆளே ‘எதுக்கு மாறணும், பஸ் எங்கே’ என்று கேட்கலாம். கேட்பதற்கு அவருக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டு ஆட்சேபம் வரும் என்று தெரியும். பேட்டை தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கிறதே, தனித்தமிழா என்று கேட்பீர்கள். ஓசூர் பக்கம் வந்து பாருங்கள், ஒரே தெருவில் மூன்று மொழியும் பேசுகிறார்கள். மூவருக்கும் காதில் பழகிய ஒரு சொல் கிடைப்பதை நான் குறையாக நினைக்கவில்லை. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1916இல் சேலத்தில் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு கழகம் தொடங்கினார், அப்போது எங்கள் ஊர்கள் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்தச் சொற்களில் வடமொழி அதிகம் என்ற விமர்சனம் பிறகு எழுந்தது, நியாயமான விமர்சனம். ஏட்டில் பிறந்த சொல்லுக்கு அந்தக் கேள்வி பொருந்தும். பேட்டை தெருவில் பிறந்து தெருவிலேயே இருக்கிறது. வேகத்தடை, நிழற்குடை இரண்டும் இவ்வளவு சுலபமாக நின்றதற்கு என்ன காரணம்? கண்ணில் படுவதை அப்படியே சொல்கின்றன, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. மாறுகண், மாறுவேடம் என்று ‘மாறு’ வருமிடமெல்லாம் ஒரு கோணல் தொனிக்கிறது என்பது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பஸ் மாறுவது அன்றாடப் பேச்சில் இருப்பதால் அந்தத் தொனி இங்கே ஒட்டாது என்று நம்புகிறேன். இதைவிட நல்ல முன்னொட்டு யாராவது கொடுத்தால் மாற்றிக்கொள்வேன், பேட்டையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு இதை அனுப்புவதற்கு முன்னால் ஒரு உதவி. தருமபுரி, பென்னாகரம், அரூர் பக்கத்து நண்பர்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்: உங்கள் ஊரில் சந்தைக்கு வந்த மாட்டு வண்டிகள் எங்கே நின்றன, அந்த இடத்தை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? வண்டிப்பேட்டை என்றா, வேறு ஏதாவதா? எங்கள் பெரியப்பா ‘வண்டி அவுக்குற எடம்’ என்பார், அது ஊருக்கே பொதுவான பெயரா எங்கள் வீட்டுப் பேச்சா என்று இன்னும் பிடிபடவில்லை.