1947-இல் ஒரு டாலரும் ஒரு ரூபாயும் சமமாக இருந்தனவா? பழைய பேரேட்டில் எழுந்த ஐயம்

பேரேட்டு வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் கொள்ளுத்தாத்தா எழுதிவைத்த பேரேடு அண்மையில் என் கைக்கு வந்தது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த தம் மகனுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, 1948 அக்டோபர் முதல் 1951 வரை அவர் மாதந்தோறும் முப்பது பவுண்டு அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு மாதமும் பற்றுப் பக்கத்தில் நானூறு ரூபாயும், அதற்குக் கீழே வங்கிக் கமிஷனாகச் சில அணாக்களும் எழுதப்பட்டுள்ளன.

எனக்கு இரண்டு ஐயங்கள். சுதந்திரம் பெற்றபோது ஒரு டாலர் ஒரு ரூபாய்க்குச் சமம் என்று பலமுறை படித்திருக்கிறேன். அன்று ஒரு பவுண்டு ஏறத்தாழ நான்கு டாலர் என்பதால், முப்பது பவுண்டுக்கு நூற்றிருபது ரூபாய்தானே ஆகியிருக்க வேண்டும்? அடுத்து, 1949 செப்டம்பரில் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது என்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்டிலும் நானூறு, அக்டோபரிலும் நானூறு என்றே பேரேட்டில் இருக்கிறது. குடும்ப வரலாறு எழுதத் தொடங்கியிருப்பதால் இதைச் சரியாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

செலாவணி மாணவன் எழுதியது:

உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கணக்கு மிகச் சரியானது. அன்றைய ரூபாய் பவுண்டோடு பிணைக்கப்பட்டிருந்தது. இந்திய நாணய முறையை ஆராய அமைக்கப்பட்ட ஹில்டன் யங் குழுவின் பரிந்துரைப்படி 1927-இல் இயற்றப்பட்ட சட்டம், ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ் என்று விகிதத்தை நிலைநிறுத்தியது. ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். அதை 18-ஆல் வகுத்தால் பதின்மூன்றே மூன்றில் ஒரு பங்கு ரூபாய், அக்கால எழுத்துமுறையில் ரூ. 13-5-4, அதாவது 13 ரூபாய் 5 அணா 4 பை (12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய்). அதை முப்பதால் பெருக்கிப் பாருங்கள், ஒரு பையும் கூடாமல் குறையாமல் நானூறு வரும்.

டாலருக்கான விகிதமும் பவுண்டின் வழியாகவே கிடைத்தது. அன்று ஒரு பவுண்டு 4.03 டாலர் என்பதால் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.31 ரூபாய். 1946 டிசம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்தில் பதிவான ரூபாயின் சமமதிப்பு (அதிகாரபூர்வ நிலையான மதிப்பு) 30.225 அமெரிக்க சென்ட் என்பதும் இதையே உறுதிசெய்கிறது. சுதந்திர இந்தியாவுக்கு வெளிநாட்டுக் கடன் இல்லாததால் இரண்டு நாணயங்களும் சமமாக இருந்தன என்று காரணம் சொல்வோர் உண்டு. கடன் இல்லாமை ஒரு நாட்டின் நிதிநிலையைக் காட்டுமே தவிர, அதன் நாணயத்தின் ஓர் அலகு இன்னொரு நாட்டு நாணயத்தின் ஓர் அலகுக்குச் சமமாவதற்கு அது காரணமாகாது. இந்தத் தவறான செய்தி ஒவ்வோர் ஆகஸ்டிலும் மீண்டும் சுற்றுக்கு வருவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

பேரேட்டு வாசகி எழுதியது:

மிக்க நன்றி. இதைப் படித்த பின் பேரேட்டை மீண்டும் புரட்டினேன். அமெரிக்காவிலிருந்து வரவழைத்த பத்து டாலர் புத்தகத்துக்கு 1949 மார்ச்சில் 33 ரூபாய் 1 அணா. அதே விலையுள்ள இன்னொரு புத்தகத்துக்கு 1950 பிப்ரவரியில் 47 ரூபாய் 10 அணா. பவுண்டுக்கு மாறாத விகிதம் டாலருக்கு மட்டும் ஏன் மாறியது?

பொருளியல் ஆசிரியை எழுதியது:

அந்த இரண்டு புத்தக வரிகளில்தான் 1949-இன் மதிப்புக் குறைப்பு பதிவாகியிருக்கிறது. செப்டம்பர் 18 அன்று பிரிட்டன் பவுண்டை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கியது. இந்தியாவும் அதே அளவுக்கு ரூபாயை இறக்கியதால் பவுண்டுக்கும் ரூபாய்க்கும் இடையிலான விகிதம் இம்மியும் அசையவில்லை; டாலர் மட்டும் 3.31-இலிருந்து 4.76 ரூபாயானது. லண்டனுக்குப் பணம் அனுப்பிய குடும்பத்துக்கு அது ஒரு சாதாரண மாதமாகவும், அமெரிக்காவிலிருந்து பொருள் வாங்கியவருக்குப் பெரிய விலையேற்றமாகவும் இருந்திருக்கும்.

இதே சமயத்தில் பாகிஸ்தான் தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்க மறுத்தது. அதனால் நூறு பாகிஸ்தான் ரூபாய்க்கு 144 இந்திய ரூபாய் என்ற நிலை ஏற்பட, அந்த விகிதத்தை இந்தியா ஏற்காததால் இரு நாடுகளுக்கிடையிலான வணிகம் முடங்கி, அப்போது பாகிஸ்தானில் இருந்த கிழக்கு வங்காளத்தின் சணலை நம்பியிருந்த கல்கத்தா ஆலைகள் பெரிதும் தவித்தன. பாகிஸ்தான் 1955-இல்தான் தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது.

பேரேட்டு வாசகி எழுதியது:

கடைசியாக ஒன்று. தாத்தா ஊர் திரும்பிய பின் அதே பேரேட்டில் 1968 வரை எழுதியிருக்கிறார். லண்டன் ஆய்விதழ் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா இரண்டு பவுண்டு. 1966 ஜனவரியில் 26 ரூபாய் 67 பைசா, 1967 ஜனவரியில் 42 ரூபாய், 1968 ஜனவரியில் 36 ரூபாய். ஏறியது எப்படி மீண்டும் இறங்கியது?

ஓய்வுபெற்ற வங்கியாளர் எழுதியது:

மூன்று தொகைகளும் சரியே. 1966 ஜூன் 6 அன்று, இந்திரா காந்தி பிரதமராகவும் சசீந்திர சௌத்ரி நிதியமைச்சராகவும் இருந்தபோது, டாலர் 4.76-இலிருந்து 7.50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இம்முறை பவுண்டு அசையாமல் ரூபாய் மட்டும் இறங்கியதால் ஒரு பவுண்டு 21 ரூபாயானது. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டை 2.80-இலிருந்து 2.40 டாலருக்குக் குறைத்தபோது இந்தியா உடன் செல்லவில்லை. எனவே ஒரு பவுண்டு 18 ரூபாய்க்கு இறங்கி, உங்கள் தாத்தாவின் சந்தாவில் ஆறு ரூபாய் மிச்சமானது. 1949-ஐப் போலவே இப்போதும் இரண்டும் சேர்ந்தே இறங்கியிருக்கும் என்று எண்ணிக் கணக்கிடுவோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

குடும்ப வரலாற்றில் இத்தொகைகளை இன்றைய விகிதத்தால் பெருக்கி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த நானூறு ரூபாய் வீட்டுக்கு எவ்வளவு பெரிய பாரம் என்பதை, அதே மாதத்தில் அதே பேரேட்டில் உள்ள அரிசி, வாடகை, கூலிச் செலவுகளை அருகில் வைத்தால் வாசகர் தாமே உணர்ந்துகொள்வார்.