புதுப்பிப்பு: கார் ஏசி கம்ப்ரஸர் அடிக்கடி கட் ஆன பிரச்சனை தீந்துது

உதவி செஞ்ச எல்லாருக்கும் ரொம்ப நன்றி மக்கா. எனக்க கார்ல ஏசி போட்டா கிளட்ச் (கேஸ அமுக்குத கம்ப்ரஸர எஞ்சினோட சேத்து விடுத பாகம்) அஞ்சாறு செகண்டுக்கு ஒருக்கா டக்கு டக்குன்னு விழுந்து எடுக்கு, கூலிங்கே இல்லன்னு போன மாசம் கேட்டிருந்தேன்லா.

ஃபேன் பாக்கச் சொன்னீங்க, அது ஓடுது. கேஸ் குறைஞ்சா லோ பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸர கட் பண்ணும், ஆனா சும்மா கேஸ் நிரப்பாத, மொதல்ல லீக்கக் கண்டுபிடின்னு ஒரு அண்ணன் சொன்னாரு பாருங்க, அதுதான் சரி. நாகர்கோவில்ல யூவி டை (யூவி லைட்ல மின்னுத சாயம்) போட்டுப் பாத்தோம், கண்டென்சர் (கேஸ் சூட்ட வெளிய விடுத பாகம்) அடி மூலையில எண்ணெயும் தூசியும் சேந்து கருப்பா ஒட்டிக் கெடக்கு, லைட் அடிச்சா அப்பிடியே பச்சையா மின்னுது, வீடு குளச்சல் கடல் பக்கம்லா, உப்புக்காத்து அலுமினியத்தத் தின்னுருக்கும்னு நெனைக்கேன். கண்டென்சர், டிரையர் (ஈரத்த உறிஞ்சுதது), ஓ ரிங் (ரப்பர் வளையம்) எல்லாம் மாத்தி, உள்ள உள்ள காத்தும் ஈரமும் போக 45 நிமிஷம் வேக்கம் இழுத்து, பானட் ஸ்டிக்கர்ல உள்ள கிராம் கணக்குக்கே ஆர்134ஏ கேஸ் ஏத்தினோம்.

எதிர்பாராதது ஒண்ணு. லோ சைடு போர்ட்ல (கேஸ் ஏத்துத வாய்) சோப்புத் தண்ணி வெச்சா அங்கயும் குமிழ் வந்துது! அந்த வாய்க்குள்ள கேஸ அடைச்சு வெக்குத சின்ன வால்வு கோர்தான், அத விட்டிருந்தா திரும்பவும் கேஸ் போயிருக்கும், அதையும் பாத்துருங்க.

நேத்து மத்தியானம் மார்த்தாண்டம் டிராபிக்ல நின்னேன், வென்ட்ல (காத்து வர துவாரம்) 8 டிகிரி, அந்த டக்கு சத்தம் இல்ல.