கிம்ப்பில் கர்வ்ஸ் பிரீசெட்: இறக்கிப் போடலாமா, நாமே வளைப்பதா?

நிழல்வெளி:
படங்களைத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பைக் கற்க வருகிறவர்கள் பலர் முதலில் கேட்பதே "சினிமா லுக் பிரீசெட் (சேமித்து வைத்த அளவுகள்) எங்கே கிடைக்கும்?" என்றுதான். அடுத்தவர் செய்த கர்வைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. கர்வ்ஸ் கருவியில் நாம் வளைக்கும் கோடுதான் கர்வ். உள்ளே வரும் ஒவ்வொரு ஒளி அளவும் எந்த அளவாக வெளியே போகணும் என்று சொல்வதுதான் அந்தக் கோடு. வருவது மாறினால் விளைவும் மாறும். வெளிர் நிற முகத்தை நல்ல வெயிலில் எடுத்த படத்துக்காக வளைத்த எஸ் வடிவக் கர்வை (இருளை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தைக் கூட்டுவது), நம்மூர் மண்டபத்தில் எடுத்த படத்தில் போட்டுப் பாருங்கள். கறுத்த முகத்தின் ஒளி அளவுகள் கோட்டின் தாழ்ந்த பகுதியில் விழும். கன்னத்தின் வடிவம் போய்விடும், முடியும் நெற்றியும் ஒட்டிக்கொள்ளும். இதற்கு 'அழகு' என்று பெயர் வைத்துப் பகிர்வது எனக்குக் கோபமாக வருகிறது.

தறியோசை:
கல்யாண ஆல்பம் செய்கிறவன் நான், இதை ஏற்க மாட்டேன். ஒரே மண்டபம், ஒரே விளக்கு, நூற்றுக்கணக்கில் படங்கள். ஒவ்வொன்றிலும் புதிதாகப் புள்ளி வைத்து இழுத்தால் ஒரே புடவை பக்கத்துக்குப் பக்கம் வேறு நிறமாக வரும். ஒரு படத்தைச் சரிசெய்து, கர்வ்ஸ் பெட்டியின் மேலே உள்ள கூட்டல் குறியை அழுத்திப் பெயர் கொடுத்தால் போதும். கோப்பாக எடுத்து அடுத்த கணினியிலும் ஏற்றலாம். பெயர் கொடுக்க மறந்தாலும் பயன்படுத்திய அளவுகளைத் தேதி, நேரத்தோடு கிம்ப் பட்டியலில் வைத்திருக்கும்.

நிழல்வெளி:
அது நீங்களே செய்த பிரீசெட். அதில் சண்டையே இல்லை. நான் சொல்வது இறக்கியதை.

தறியோசை:
இறக்கியதிலும் கற்க நிறைய இருக்கிறது. கிராஸ் பிராசஸ் வகை பிரீசெட் ஒன்றை ஏற்றி, நீலச் சானலை (படத்தில் நீல நிறத்தின் பங்கை) மட்டும் பாருங்கள். பெரும்பாலும் இடது முனை மேலேறி, வலது முனை இறங்கியிருக்கும். நிழலில் நீலம் கூடுகிறது, வெளிச்சத்தில் நீலம் குறைந்து மஞ்சள் தெரிகிறது. ஸ்லைடு ஃபிலிமை நெகட்டிவ் ஃபிலிமுக்கான ரசாயனத்தில் கழுவினால் நிறம் பிறழுமே, அந்தச் சாயல். முகம் இருண்டால் லேயரை (பட அடுக்கை) நகலெடுத்து அதில் கர்வைப் போட்டு, ஒப்பாசிட்டியை (அந்த அடுக்கு எவ்வளவு தெரியணும் என்பதை) குறைத்துக்கொள்ளலாமே.

பனங்காடு:
நடுவே ஒன்று. வேல்யூ சானலில் போடும் கர்வ் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் தனித்தனியாக வேலை செய்கிறது. அதனால் கான்ட்ராஸ்ட் கூடும்போது நிறச்செறிவும் கூடும், தோல் செம்மஞ்சளாகிவிடும். நகல் லேயரின் மோடை (கீழுள்ள அடுக்கோடு கலக்கும் விதத்தை) லூமினன்ஸ் என்று மாற்றினால் நிறம் அப்படியே நிற்கும், வெளிச்சம் மட்டும் மாறும். அப்புறம், கிம்ப் 2.10 பதிப்பு முதல் கர்வ்ஸில் லீனியர் (ஒளியின் உண்மையான அளவுப்படி), பெர்செப்சுவல் (கண் உணரும் விதப்படி) என்று இரண்டு நிலை உண்டு. எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான நிறமுறையில் உள்ள படத்தில், 0 முதல் 255 வரை உள்ள அளவில் 128 என்ற நடுச்சாம்பல், லீனியரில் 0 முதல் 1 வரை உள்ள கோட்டில் சுமார் 0.22ல்தான் நிற்கும். ஒருவர் சொன்ன புள்ளிகளை வேறு நிலையில் வைத்தால் படமே வேறாகிவிடும். பிரீசெட் பகிர்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

நிழல்வெளி:
இதைத்தான் நானும் சொல்கிறேன். ஒப்பாசிட்டியைக் குறைத்தால் தவறின் அளவுதான் குறையும், திசை மாறாது. 8 பிட் ஜேபெக்கில் சானலுக்கு 256 படிகள்தான். செங்குத்தான கர்வ் போட்டால் ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவுகளின் வரைபடத்தில்) இடைவெளி விழும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ராவில் (கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பில்) எடுத்தவருக்குப் பொருந்திய கர்வ் போன் படத்துக்கு எப்படிப் பொருந்தும்?

தறியோசை:
பொருந்தாத இடத்தில் புள்ளியை நகர்த்தலாமே! 2025ல் வந்த கிம்ப் 3.0ல் ஃபில்டரைப் படத்தோடு கலக்காமலே வைத்து, பிறகு திறந்து மாற்றவும் முடிகிறது. புதியவருக்கு வெறும் நேர்கோட்டைக் காட்டி "வளை" என்றால் எங்கே பிடிப்பது என்றே தெரியாது. வளைந்த கோட்டைக் கொடுத்தால் அதை அசைத்துப் பார்த்துக் கற்பார்.

நிழல்வெளி:
அப்படியானால் பகிர்கிறவர் மூலப் படத்தையும், எந்த நிலையில் வளைத்தார் என்பதையும் சேர்த்தே தரட்டும். அது இல்லாத பிரீசெட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

தறியோசை:
அந்த நிபந்தனை சரி, என் மண்டபக் கர்வை மூலப் படத்தோடேயே இங்கே போடுகிறேன். 'தொடவே வேண்டாம்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.