டுபாயின் பழைய நகரை இரவில் நடந்து பார்ப்பதற்கு வழி சொல்வீர்களா?

கொக்குவில் ரீச்சர் (கேள்வி)

எதிர்வரும் தை மாதத்தில் மூன்று கிழமைக்கு டுபாயில் இருக்கும் மகனிடம் செல்ல இருக்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். உலகப் படத்தில் வளைகுடாவைப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேனே தவிர, அந்தக் கரையை நான் ஒருநாளும் கண்டதில்லை. மகனும் மருமகளும் கராமாவில் குடியிருக்கிறார்கள். இருவரும் பகலில் வேலைக்குப் போவதால், எங்கே செல்வதென்றாலும் இரவில்தான் செல்ல வேண்டும். புர்ஜ் கலீஃபா என்ற 828 மீற்றர் உயரக் கோபுரத்தையும் பெரிய கடைத்தொகுதிகளையும் காட்டுவதாக மகன் சொல்கிறான். அவற்றைப் பார்க்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் மனம் நாடுவது கடற்கழியின் இரு கரையிலும் இருக்கும் பழைய குடியிருப்புகளையே. பல நாட்டு மக்கள் ஒரே வீதியில் வாழும் அந்த இடத்தை வாகனத்தின் கண்ணாடி வழியாகப் பார்க்காமல் நடந்து பார்க்க விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் எட்டு மணிக்குப் பின் கடைக் கதவுகள் இறங்கிவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தைத் தவிர, இரவில் வீதியில் நடப்பது எனக்குப் பழக்கமில்லாத ஒன்று. எங்கே தொடங்கி எங்கே முடிக்கலாம்? அறுபது வயதுப் பெண் ஒருத்தி அங்கே தனியாக நடக்கலாமா? மூன்று, நான்கு கிலோமீற்றர் நடக்க எனக்கு இயலும்.

கோண்டாவில் கணக்காளர்

ரீச்சர், நான் 2008 முதல் 2019 வரை கடற்கழியின் வடகரையான டெய்ராவில் ஒரு சரக்கு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கெழுதினேன். நாயிஃப் பகுதியில் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் ஓர் அறையில் எட்டுப் பேராகக் குடியிருந்தோம். அதனை அங்கே ‘பெட் ஸ்பேஸ்’ என்பார்கள். வாடகை கட்டிலுக்குத்தான், அறைக்கு அன்று. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அறைக்குள் கட்டிலைத் தவிர வேறு இடமில்லாத மனிதன் உறக்கம் வரும் வரை வீதியிலேயே இருப்பான். ஆகவே இரவு பத்து மணிக்கு நாயிஃபிலும் அருகிலுள்ள சப்காவிலும் நீங்கள் காணப்போகும் கூட்டம் கடைத்தெருவை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அன்று. அவர்களுக்கு அந்த நடைபாதைதான் முற்றம், அதுவே விறாந்தை. அயலவரின் முற்றத்தைக் கடந்து போகும்போது எவ்வளவு மரியாதையோடு நடப்போமோ அவ்வளவு மரியாதையோடு நடந்தால், அந்த இடம் உங்களை ஏற்றுக்கொள்ளும்.

கராமாவிலிருந்து மெற்றோவில் ஏறி, பேர்ஜுமானில் பச்சைத் தடத்துக்கு மாறி, அல் குபைபா நிலையத்தில் இறங்குங்கள். மாலை ஏழு மணியளவில் அங்கிருந்து கடற்கழிக் கரைக்கு வந்து, பர் டுபாயின் துணிக்கடைத் தெரு வழியாக மெதுவாகக் கிழக்கே நடக்கலாம். மரக்கூரையின் கீழ் நிற்கும் கடைக்காரர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் அழைப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். ‘வணக்கம் அம்மா’ என்று யாரேனும் அழைத்தால் வியப்படைய வேண்டாம். சிந்திகளும் குஜராத்திகளும் இந்தக் கரையில் துணி விற்கத் தொடங்கியது நேற்று அன்று. இந்திய ரூபாயே அங்கே பல காலம் செல்லுபடியாகியிருந்தது. 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி ரூபாய்த் தாளை வெளியிட்டது. 1966இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்த பின்னர்தான் டுபாய் அதைக் கைவிட்டது. இப்போதுள்ள திர்ஹம் 1973இல் வந்தது. பழைய வணிகர் சிலர் கதைக்கும்போது ‘ரூபாய்’ என்று வாய்தவறிச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

துணிக்கடைத் தெருவின் மறுமுனையில் அல் ஃபஹீதி குடியிருப்பு இருக்கிறது. பழையவர்கள் அதை பஸ்தகியா என்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகக் கரையில் சுங்க வரி உயர்ந்தபோது, வரியில்லாத துறையைத் தேடி வந்த பஸ்தக் ஊர் வணிகர்கள் கட்டிய வீடுகள் அவை. நான்கு பக்கமும் திறந்த காற்றுக்கோபுரம் மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கும். நடுவே முற்றமும் சுற்றிவர அறைகளும் இருப்பதைப் பார்க்கும்போது எங்கள் நாற்சார் வீடுகள் நினைவுக்கு வரும். இரவில் அந்த ஒழுங்கைகள் வெறிச்சோடிக் கிடக்கும். அழகானவைதான், ஆனால் குடியிருப்போர் இல்லாத வீடுகள் என்பதால் அரைமணி நேரம் போதும்.

அங்கிருந்து திரும்பி வந்து அப்ராவில் ஏறுங்கள். அது பக்கச்சுவர் இல்லாத மரப்படகு. நடுவில் நீளமான பலகை ஆசனம், இரு பக்கமும் முதுகோடு முதுகாக மக்கள் அமர்வார்கள். கட்டணம் ஒரு திர்ஹம். நாணயமாகக் கையில் வைத்திருங்கள். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போன பழக்கம் உங்களுக்கு இருக்கும். இது அதைவிடக் குறுகிய, அலையில்லாத பயணம். சில நிமிடங்களில் டெய்ராக் கரை வந்துவிடும். இறங்கியதும் மசாலாக் கடைகளின் மணம் எதிர்கொள்ளும். காய்ந்த எலுமிச்சை, குங்குமப்பூ, சாம்பிராணி ஆகியவற்றோடு எங்கள் நாட்டுக் கறுவாவும் சாக்குகளில் இருக்கும். பொற்கடைத் தெருவை விரைவாகக் கடந்துவிடலாம். யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை பார்த்த எங்களுக்கு அங்கே பெரிதாகத் தெரிவது கண்ணாடிக்குப் பின்னால் உள்ள நகைகளின் அளவு மட்டுமே.

பின்னர் நாயிஃப். என் அறைக்குக் கீழே ஓர் ஆப்கானியரின் ரொட்டிக்கடை இருந்தது. நிலத்தோடு பதித்த மண் அடுப்பின் விளிம்பில் அவர் சம்மணமிட்டு அமர்ந்திருப்பார். மாவைக் கையால் தட்டி, துணி சுற்றிய வட்டமான மெத்தையில் விரித்து, தோள்வரை கையை அடுப்புக்குள் விட்டு உட்சுவரில் அறைந்து ஒட்டுவார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. ரொட்டி பொங்கிக் கரும்புள்ளி விழுந்ததும் நீண்ட இரும்புக் கொக்கியால் கொழுவி எடுத்துப் பழைய மலையாளப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தருவார். அந்த எழுத்தின் மை ரொட்டியில் படிந்துவிடாதபடி இரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறுவேன். பதினொரு ஆண்டுகளில் பெரும்பாலான இரவு உணவு அதுதான். அப்படிப்பட்ட கடைகள் அந்த ஒழுங்கைகளில் பல உள்ளன. ஒரு ரொட்டி வாங்கி, பக்கத்துக் கஃபட்டீரியாவில் ஒரு கரக் என்னும் பால் தேநீரோ சுலைமானி என்னும் வெறுந்தேநீரோ வாங்கி, நின்றபடியே சாப்பிட்டுப் பாருங்கள்.

பத்து மணி கடந்த பிறகு பனியாஸ் சதுக்கத்துக்கு வாருங்கள். நாங்கள் அதை ‘நாசர் ஸ்கொயர்’ என்றுதான் சொல்வோம். அந்த நேரத்தில் புல்தரையிலும் படிக்கட்டுகளிலும் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் வீட்டாருடன் கதைத்துக்கொண்டிருப்பார்கள். பஷ்தோ, வங்காளம், தெலுங்கு, நேபாளி, தகாலொக், அம்ஹாரிக் எல்லாம் ஒரே காற்றில் வரும். சொற்கள் விளங்காவிட்டாலும், மகளிடம் கதைக்கும் குரல் எது, கடன் கொடுத்தவருக்குப் பதில் சொல்லும் குரல் எது என்பது கேட்டவுடனே புரிந்துவிடும். என்னைக் கேட்டால், அந்த நகரத்தில் பார்க்க வேண்டியது அந்த ஒரு மணி நேரம்தான். சதுக்கத்திலேயே மெற்றோ நிலையம் இருக்கிறது. கிழமை நாட்களில் நள்ளிரவு வரை வண்டி ஓடும்.

மானிப்பாய் தாதி

அக்கா, தம்பி சொன்ன வழி நல்ல வழி. ஆனால் அவர் ஆண் என்பதால் அவர் கண்ணில் படாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். நாயிஃபிலும் சப்காவிலும் இரவு ஒன்பது மணிக்குப் பின் வீதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். யாரும் தீங்கு செய்ததாக என் அனுபவத்தில் இல்லை. நான் ஏழு ஆண்டுகள் இரவு வேலை முடித்து, டெய்ராவின் அல் ரிக்காவில் என் அறைக்குத் தனியாக நடந்திருக்கிறேன். ஆயினும் பார்வைகள் மேலே விழும். முதல் நாளிலேயே அந்தக் கூட்டத்துக்குள் தனியாக இறங்கினால், பயமில்லாதவருக்கும் களைப்பு வந்துவிடும். முதல் இரவு மருமகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், இரண்டாம் இரவு உங்களுக்கே வழி தெரிந்துவிடும்.

தனியாகப் போவதென்றால் அல் ரிக்கா வீதியிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே குடும்பங்களும், வேலை முடிந்து வரும் பிலிப்பைன்ஸ் பெண்களும் நிறைய இருப்பார்கள். அந்தப் பெண்கள் குழுவாக நின்று சிரித்துக் கதைக்கும் இடத்தில் நானும் போய் நிற்பேன். மொழி தெரியாத துணையும் துணைதான். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அல் முதீனா வீதி இருக்கிறது. ஈராக்கியரின் உணவுக்கடைகளில் ஆற்று மீனை முதுகுப்பக்கமாகப் பிளந்து விரித்து, விறகு நெருப்பைச் சுற்றி நிமிர்த்தி வைத்து வாட்டுவார்கள். அதற்கு மஸ்கூஃப் என்று பெயர். எங்கள் ஊரில் மீனைத் துண்டாக்கிக் குழம்பில் போடும் எங்களுக்கு, ஒரு முழு மீன் நெருப்பின் முன்னால் ஒரு மணி நேரம் பொறுமையாக நிற்பதைப் பார்ப்பதே ஓர் அனுபவம். மீன் பெரியது, இருவர் மூவராகப் போய்ச் சாப்பிடுங்கள்.

வேறு சில விடயங்களையும் மனதில் வைத்திருங்கள். மெற்றோவில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தனிப் பெட்டி உண்டு, தரையில் இளஞ்சிவப்புக் கோடு இருக்கும். வண்டிக்குள் சாப்பிட்டாலோ குடித்தாலோ 100 திர்ஹம் தண்டம். ஆகவே அந்த ரொட்டியை வெளியிலேயே முடித்துவிடுங்கள். வீதியைக் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் கடப்பதும் தண்டத்துக்குரியது. எங்கள் ஊரில் போல் கையைக் காட்டிவிட்டு இறங்கிவிட வேண்டாம். தை மாத இரவு குளிராக இருக்கும், ஒரு சால்வை தேவைப்படும். ஆடி, ஆவணியில் போகாதது நல்லது. நள்ளிரவிலும் முப்பது பாகைக்கு மேல் வெப்பம் இருக்கும், வெளியே வந்ததும் ஈரக்காற்றில் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும்.

வல்வெட்டித்துறை வாசி

டெய்ராக் கரையில் கட்டியிருக்கும் மரக்கலங்களை யாரும் குறிப்பிடவில்லை. நான் மூன்று நாள் தங்கியபோது மூன்று இரவும் அங்கேதான் நின்றேன். குளிர்சாதனப் பெட்டி, வாகனச் சக்கரம், அரிசி மூட்டை எல்லாவற்றையும் கரையில் குவித்து வைத்து, இரவு விளக்கில் ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் ஏற்றுவார்கள். குஜராத்தி மாலுமிகள் மேல்தட்டில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்து ஓடிய கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். அத்தகைய மரக்கலம் இன்றும் சரக்கேற்றுவதைக் கண்ணால் கண்டபோது என் கண் கலங்கியது. ரீச்சர், அதைத் தவறவிடாதீர்கள்.

கொக்குவில் ரீச்சர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாசித்துவிட்டு உலகப் படத்தை மீண்டும் எடுத்து விரித்தேன். மேலும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் காண்பவற்றைப் படம் பிடித்துப் பழைய மாணவர்களுக்குக் காட்டலாமா? பர் டுபாயில் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சிவன் கோயில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். இரவில் அங்கே வழிபட முடியுமா?

ஐந்துசந்தி வாசி

ரீச்சர், கோயிலைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1958ஆம் ஆண்டு முதல் அங்கே பெரிய பள்ளிவாசலுக்கு அருகில், ஒரு கட்டடத்தின் மாடியில் சிவன் சந்நிதி இருந்தது உண்மை. 2024 தை மாதத்தில் அது ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டது. 2022இல் திறந்த புதிய கோயிலும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அது நகரிலிருந்து தொலைவு, நடைக்குள் அடங்காது. மகன் ஒரு விடுமுறை நாளில் வாகனத்தில் கூட்டிச் செல்லட்டும். நான் நாயிஃபில் வேலை செய்த காலத்தில், பள்ளிவாசலில் மாலை மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வந்தால் அந்த ஒழுங்கையில் மல்லிகைச் சரமும் தேங்காயும் விற்பவர்களைக் கடந்துதான் போக வேண்டும். பாங்கு முடிந்த சற்று நேரத்தில் மணியோசை கேட்கும்.

படம் பிடிப்பதில் கவனம் தேவை. ஒருவரின் அனுமதியின்றி அவரைப் படம் பிடிப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். பெண்கள் விடயத்தில் இன்னும் கண்டிப்பு. படகு, கட்டடம், சாக்கில் உள்ள கறுவா ஆகியவற்றைப் பிடியுங்கள். சதுக்கத்தில் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருப்பவர்களைப் பிடிக்க வேண்டாம். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அழுதபடி கதைப்பவர்களும் அங்கே இருப்பார்கள்.

ஒரு சொந்த விடயத்தையும் சொல்கிறேன். 1990 ஐப்பசியில் மற்ற முஸ்லிம்களோடு எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு நான்கு வயது. புத்தளத்தில் வளர்ந்தேன். யாழ்ப்பாணத்துச் சோனகத்தெருவும் ஐந்துசந்தியும் இரவில் எப்படி இருந்தன என்பதை வாப்பா சொல்லித்தான் அறிந்தேன்: இரவு இஷாத் தொழுகைக்குப் பின்னும் திறந்திருக்கும் கடைகள், ரொட்டி தட்டும் ஓசை, வாசலில் வாங்கில் போட்டுக் கதைக்கும் பெரியவர்கள். இருபத்திரண்டு வயதில் நாயிஃபில் முதல் இரவு நடந்தபோது, வாப்பா சொன்ன தெரு இதுதான் என்று எனக்குத் தோன்றியது. அவருக்குத் தொலைபேசி எடுத்து, எதுவும் கதைக்காமல் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்க வைத்தேன். ‘எந்தக் கடை வாசலில் நிற்கிறாய்?’ என்றுதான் கேட்டார்.

உங்கள் பயணம் நோன்பு மாதத்தைத் தொட்டால், தராவீஹ் என்னும் நோன்புக்கால இரவுத் தொழுகைக்குப் பின்னர் போங்கள். நள்ளிரவு கடந்தும் வீதி விழித்திருக்கும். பகலில் வெளியே சாப்பிடுவதை மட்டும் அன்று தவிர்த்துக்கொள்ளுங்கள். கோண்டாவில் அண்ணை சொன்ன ரொட்டிக்கடை எந்த ஒழுங்கையில் என்று அவரே எழுதினால் நல்லது. நாயிஃப் கோட்டைக்குப் பின்புறமாக இருந்த கடை என்றால், நானும் அங்கேதான் வாங்கினேன்.

கோண்டாவில் கணக்காளர்

அதே கடைதான், தம்பி. கோட்டையின் பின்புறமாக வந்து இரண்டாவது ஒழுங்கைக்குள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். தையற்கடைக்கு அடுத்த கதவு.